பேச்சி சுட்ட ரொட்டி

டாக்டரம்மா ரொட்டியைக் கையில் எடுத்து, திருப்பி, அடியில் இரண்டு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டார். விஷயம் தெரிந்தவர் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாக வெந்த ரொட்டியின் அடியைத் தட்டினால் உள்ளே காலியாக இருப்பது போல ஒரு சத்தம் வரும். வேகாத ரொட்டி 'தொம்' என்று அடங்கிப் போகும்.

எங்கள் திருத்தங்கல் சபையில் வருஷம் ஒரு தடவை ஸ்தோத்திரப் பண்டிகை விற்பனை உண்டு. ஆலயத்துக்குப் பின்னால் சாமியானா போட்டு, பெண்கள் சங்கத்துக்கு நாலு மேஜை கொடுப்பார்கள். முறுக்கு, அதிரசம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று ஆளாளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள். என் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து எட்டு ரொட்டி இருந்தது.

டாக்டரம்மா என்றால் அவர் டாக்டர் இல்லை. சிவகாசியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரின் மனைவி. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. புளிக்க வைத்துச் சுடும் இந்த ரொட்டியைத்தான் அவர் சாப்பிடுவாராம், அதை மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைப்பார்களாம். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டவர் கண்ணை மூடி மென்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மதுரை ரொட்டியெல்லாம் இதுக்கிட்ட நிக்காது சிஸ்டர். யாரு செஞ்சது? இப்பல்லாம் கண்ட எடத்துல செய்யிறாங்க, வாங்கவே பயமா இருக்கு."

கேள்வி அவ்வளவுதான். பதிலும் ஒரே ஒரு பெயர்தான். அந்தப் பெயரைச் சொல்வதாக முந்தின நாள் சாயங்காலம் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"நான்தான்" என்றேன்.

நல்லவளாக வந்தவள்

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை நான் நல்லவளாகவே வந்திருக்கிறேன். போன வாரம் ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில் நான் பட்ட பாட்டை எழுதியதற்கு, "உங்களைப் போன்றவர்களால்தான் மழை பெய்கிறது சிஸ்டர்" என்று ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வார்டு சிஸ்டர் ஜெயமணி வேறு, சாமியானாவுக்குள் நின்ற ஜெயமணி வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இந்த வாரம் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "எழுது, ஆனா உன் பக்கத்துக்கு வக்கீல் வைக்காதே" என்றார். முயற்சி செய்கிறேன்.

செங்கல் காலம்

ரிட்டயர் ஆன பிறகு எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் மகள். அவளும் நர்ஸ்தான், அயர்லாந்தில் இருக்கிறாள். வீடியோ காலில் ஒரு நாள் ரொட்டியை வெட்டிக் காட்டினாள். ஈஸ்ட் போடாமல், வெறும் மாவும் தண்ணீரும் கலந்து வைத்து, அதுவாகவே பொங்கி வந்த உறையில் செய்ததாம். "உனக்குப் பொழுது போகும்மா, செஞ்சு பாரேன்" என்றாள். முப்பது வருஷம் ஒரு வார்டையே மேய்த்தவளுக்கு மாவு ஒரு பொருட்டா என்று இறங்கிவிட்டேன்.

அவள் அனுப்பிய வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் உறைக்குப் பெயரெல்லாம் வைத்திருந்தார். நான் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் பழக்கம் விடவில்லை. ஒரு நோட்டுப் போட்டு நேரம், சூடு, எத்தனை விரற்கடை பொங்கியது என்று மூன்று வேளையும் குறித்தேன். அம்மை கண்ட பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு சார்ட் எழுதியதில்லை.

முதல் ரொட்டி வந்தது. என் வீட்டுக்காரர் காலண்டர் அச்சாபீஸில் மெஷின்மேனாக இருந்தவர். ரொட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் இது கிடைத்திருந்தால் அச்சடித்த தாள் பறக்காமல் மேலே பாரம் வைத்திருக்கலாம் என்றார். இரண்டாவது ரொட்டியை அரிவாள்மனையில்தான் வெட்ட முடிந்தது. மூன்றாவது, வெளியே கருகி உள்ளே களியாக இருந்தது. மகள் போனில், "அம்மா, பன்னெண்டு மணி நேரம் வைக்கணும்" என்றாள். நானும் கடிகாரம் பார்த்துச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் வைத்தேன். சிவகாசி வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் வைத்தால் மாவு என்ன ஆகும் என்று இங்கே தோசை சுடும் எந்தப் பொம்பிளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் வீடியோவில் அப்படிச் சொல்லவில்லை.

வெள்ளிக் கை

பேச்சி எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் இருக்கிறாள். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைப்பாள். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். வெக்கை ஏறுவதற்குள் மருந்து வேலையை முடித்துவிடுவதால் மூன்று மணி வாக்கில் திரும்பிவிடுவாள். புருஷன் லாரியில் வடக்கே போனால் வர மாசமாகும். ஒரே மகள் விருதுநகரில் காலேஜில் படிக்கிறாள்.

எங்கள் தெருவில் எல்லாரும் பி.பி. பார்க்க என்னிடம்தான் வருவார்கள். அப்படித்தான் அவளும் வந்தாள். கையில் பட்டையைச் சுற்றும்போது அவள் நகக்கண்ணைப் பார்த்தேன். அலுமினியப் பவுடர். சோப்பு, சீயக்காய், புளி எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வெள்ளி நிறம் ரேகைக்குள் தங்கிவிடும். எங்கள் ஊரில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தே எந்த வேலை என்று சொல்லிவிடலாம்.

அன்றைக்கு அடுப்படி மேடையில் என் மாவு தட்டில் வழிந்து கிடந்தது. பேச்சி எட்டிப் பார்த்தாள். இது என்ன என்றாள், சொன்னேன். குனிந்து மாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "மாவு ஓஞ்சு போச்சே சிஸ்டர். இம்புட்டு வெக்கையில கடியாரத்தப் பாத்தா வச்சீக?" என்றாள்.

வேறு எப்படிப் பார்ப்பது என்று எரிச்சலோடு கேட்டேன். கம்பெனியில் வெயில் ஏறும் அன்றைக்கு மணி என்ன என்று யாரும் பார்ப்பதில்லையாம். மருந்து கைக்கு எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார்களாம். அது மாறினால் எழுந்துவிட வேண்டும். மாவுக்கும் அதுதானே, விரலால் அமுக்கிப் பாருங்க, பள்ளம் மெதுவாக எழும்பி வந்தால் சரி, அப்படியே கிடந்தால் நேரம் போய்விட்டது என்றாள். ரொட்டி சுடுவதைக் கண்ணால் கண்டிராதவள் சொன்னது இது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். கம்பெனி லீவு. தலைக்குக் குளித்து, உடுப்பு மாற்றி, பிரஷ் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். மருந்துக் கையோடு சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் நான் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். பிறகு கிளவுஸ் எடுத்துக் கொடுத்தேன். அவள் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டாள். மாவு கிளவுஸில் ஒட்டி இழுத்தது. "தொடாம எப்படிச் சிஸ்டர் தெரியும்" என்று சிரித்தாள். நான் கழற்றச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் கழற்றச் சொன்னேன். கிளவுஸ் கொடுத்தது சுத்தத்துக்காகத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். பாதி அதற்காகத்தான். மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

மாவுப் பாத்திரத்தை நனைந்த சாக்கில் சுற்றி வைப்பது, உறையைப் பாதியாகக் குறைப்பது, பானைத் தண்ணீர் ஊற்றிப் பிசைவது எல்லாம் அவள் கண்டுபிடித்தது. மூன்றாவது மாசம் ரொட்டி எழும்பியது. என் ஓவனைத் திறந்தபோது வந்த வாசனையில் என் வீட்டுக்காரர் டி.வி.யை விட்டு எழுந்து வந்தார். இந்த மனுஷன் கிரிக்கெட்டை விட்டு எழுந்ததே கிடையாது. அதே மாவு, அதே உறை, அதே இரும்புச் சட்டிதான். ஆனால் அவள் சுட்டால் கூரை போல எழும்பும், நான் சுட்டால் தாம்பாளம் போலப் படுக்கும். பொறாமை இருந்தது. இல்லை என்று சொன்னால் வக்கீல் வைத்ததாகிவிடும்.

கை நிற்கவில்லை

ஒரு நாள் பி.பி. பார்க்க உட்கார்ந்தவளின் கை, மேஜை மேல் வைத்த இடத்தில் நடுங்கியது. கண்ணுக்குத் தெரியும் நடுக்கம். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டதாகச் சொன்னாள். இன்னும் கேட்டேன். வார்டில் பேசாத நோயாளியையே பேச வைத்தவள் நான்.

பத்து நாளைக்கு முன்னால் கம்பெனியில் பக்கத்து ரூமில் புஸ்ஸென்று ஒரு பிடி தீ கிளம்பியதாம். எல்லாரும் வெளியே ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வழக்கம்போல் வேலை நடந்தது.

"அன்னையிலருந்து கை நிக்க மாட்டேங்குது சிஸ்டர். ரூமுக்குள்ள போனாலே ஆரம்பிச்சிருது" என்றாள். மகளிடம் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொல்கிறாள்.

நடுங்குகிற கை மருந்து அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். அப்படி வந்தவர்களைத்தான் பாதி ஆயுசு வாழை இலையில் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறேன். போர்மேனிடம் சொல்லி வேறு வேலை கேள் என்று அதட்டினேன். சீசன் நேரத்தில் சொன்னால் வேறு வேலை தர மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மகள் படிப்பு என்னாவது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாவு பிசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுக்கம் இல்லை. கை அதுபாட்டுக்கு மடித்து மடித்துப் போட்டது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வாரம் பத்து ரொட்டிக்கு ஆர்டர் கிடைத்தால் அவள் அந்த ரூமுக்குள் போக வேண்டாம். பண்டிகை விற்பனையில் வைப்போம், வசதியானவர்கள் வருவார்கள் என்றேன்.

பேச்சி உடனே தலையாட்டவில்லை. "என் பேரச் சொன்னா எடுப்பாகளா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"நான் சொன்னா எடுப்பாங்க" என்றேன். அப்படி ஒரு திமிர்.

தீபாவளி லோடு நெருக்கடியில் விற்பனை நடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அவளால் விற்பனைக்கு வர முடியாது. சனிக்கிழமை வேலையிலிருந்து வந்து குளித்து, மாவு பிசைந்து, என் பிரிஜ்ஜில் வைத்துவிட்டு, அவள் பெயரைச் சொல்வதாக என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனாள். ஞாயிறு விடியுமுன் வந்து ஆறு ரொட்டி சுட்டாள். என் பங்குக்கு நான் இரண்டு சுட்டேன். அவள் கிளம்பும்போது வாசலில் நின்று, "சொல்லிருவீகள்ல சிஸ்டர்" என்றாள். போ போ, வேன் போய்விடும் என்று விரட்டினேன்.

சாமியானாவுக்குள்

ஆக, டாக்டரம்மா பிய்த்தது பேச்சியின் ரொட்டி. நான் சுட்ட இரண்டும் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தன, அவற்றை யாரும் தொடவில்லை.

"நான்தான்" என்று சொன்ன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டரம்மா இரண்டு ரொட்டி எடுத்துக்கொண்டார். வாரா வாரம் நாலு வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற மூன்று பேர் எங்களுக்கும் என்றார்கள். சிஸ்டர் கை சுத்தமான கை, கண்ணை மூடி வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். எங்கள் போதகர் ஐயர் மைக்கில், நம் ஜெயமணி சிஸ்டர் இந்த வயதிலும் தம் கையால் சுட்ட ரொட்டி என்று ஜெபத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். என் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

திருத்திச் சொல்ல நேரம் இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம் அந்த மேஜைக்குப் பின்னால்தான் நின்றேன்.

இப்போது, கிளவுஸ் விஷயத்தில் நான் சொல்லாமல் வைத்த அந்த மீதிப் பாதி. பேச்சியின் ஆட்களும் என் அப்பாவின் ஆட்களும் ஒரே கரிசல் காட்டில் கூலிக்குக் குனிந்து நின்றவர்கள். எங்கள் பக்கத்துக்கு மிஷன் பள்ளிக்கூடம் ஒரு தலைமுறை முந்திக் கிடைத்தது. நாங்கள் வாத்தியாரும் நர்ஸுமாக ஆனோம். அவர்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் நர்சிங் படித்த காலத்திலிருந்தே சொந்த ஊர் எது என்று கேட்டால் பக்கத்து டவுன் பெயரைச் சொல்லித் தப்பித்தவள் நான். பேச்சி என்று சொன்னால் எந்தப் பேச்சி என்பார்கள். எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால், அவளை எப்படி உங்கள் அடுப்படியில் விட்டீர்கள் என்று கேட்பார்கள், அல்லது கேட்காமல் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் வாயில் இருந்த பெயரை முழுங்கினேன். டாக்டரம்மா கேட்டது சுத்தத்தைப் பற்றி. நான் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு.

பின்வாசல்

சாயங்காலம் பேச்சி வேனிலிருந்து இறங்கி நேராகப் பின்வாசலுக்கு வந்தாள். சேலைக்கு மேலே போட்டிருந்த ஆம்பிளைச் சட்டையில் பவுடர் இருந்ததால் படியேறவில்லை. "என்னாச்சு சிஸ்டர்?" என்றாள்.

நீ சுட்டதெல்லாம் விற்றுப் போச்சு, வாரம் பத்து ரொட்டிக்கு ஆர்டர் என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் எப்படியும் தெரிந்துவிடும். அதனால் வழி நெடுக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஆர்டர் என் பெயரில் இருக்கட்டும், நீ வந்து சுடு, வருவது முழுக்க உனக்குத்தான், எனக்கு ஒன்றும் வேண்டாம். பெரிய தர்மம் செய்வது போலச் சொன்னேன்.

அவள் உடனே புரிந்துகொண்டாள். "அப்ப, நீங்க செஞ்சதுன்னு சொல்லிட்டீகளா?"

ஆமாம் என்றேன். ஜனங்கள் ஒரு மாதிரி, உனக்கே தெரியும், உன் பெயரைச் சொன்னால் வாங்க மாட்டார்கள், உன் நல்லதுக்குத்தான் என்று அடுக்கினேன். உள்ளே டி.வி. சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சி கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள். "என் பேரச் சொல்லி, அவுக வேணாம்னாகளா சிஸ்டர்? இல்ல, நீங்களே சொல்லாம விட்டுட்டீகளா?"

நான் வாசல் விளக்கைப் போடுவது போல உள்ளே திரும்பினேன். பிறகு, "குளிக்கணும் சிஸ்டர், அரிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் அவள் வரவில்லை. காலையில் வேன் ஹாரன் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அந்தக் கையோடு அவள் அந்த ரூமுக்குள் உட்கார்ந்திருப்பாள். வெளியே கொண்டுவரும் வழி என் வாயில் இருந்தது, நான் அதை மூடினேன். ஒரு ரொட்டிக்காக ஐயா, ஒரு ரொட்டி சுட்ட பேருக்காக.

என் வீட்டுக்காரர் எதற்கும் கேலி செய்கிறவர், இதற்குச் செய்யவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவராக ஒரு பழைய கதையை எடுத்தார். ஒரு வருஷம் காலண்டரில் ஒரு பண்டிகைத் தேதி தப்பாக அச்சாகிவிட்டது. லோடு பாதி வெளியூர் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பார்க்காதது போல் விட்டுவிடலாம் என்று மெஷினில் நின்ற இவர் சொன்னாராம். முதலாளி கேட்கவில்லை. சரியான தேதியைச் சின்னச் சீட்டாக அடித்து, ஊர் ஊராக ஆள் அனுப்பி ஒவ்வொரு காலண்டரிலும் ஒட்ட வைத்தார். "ஒட்டுன எடம் அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஆனா தேதி சரியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

சீட்டு ஒட்டுதல்

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டாக்டரம்மாவைச் செருப்பு விடும் இடத்தில் பிடித்தேன். பக்கத்தில் ஆர்டர் கொடுத்த மற்ற மூவரும் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அந்த ரொட்டி நான் சுட்டதில்லை, பேச்சியம்மாள் சுட்டது, எங்கள் பின் தெரு, பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள், சுத்தத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

டாக்டரம்மா, "அப்படியா, நல்ல கைப்பக்குவம் அவங்களுக்கு. சனிக்கிழமை ஆள் அனுப்புறேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு வாரமாக நான் எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தேனோ, அது செருப்பு மாட்டும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மற்றவர்களில் இருவர் சரி என்றார்கள். ஒருவர் மட்டும் அப்புறம் சொல்கிறேன் என்றார். இன்று வரை சொல்லவில்லை. நாலு பேரில் ஒருவர். அந்த ஒருவருக்காக நான் நாலு பேரையும் கெட்டவர்களாக்கி, பேச்சியையும் மறைத்திருந்தேன்.

போகும்போது டாக்டரம்மா திரும்பி, "அப்ப ஏன் சிஸ்டர் அன்னைக்கு நீங்கன்னு சொன்னீங்க?" என்றார். குத்திக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். கூட்டத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்றேன். பாருங்கள், உண்மையைச் சொல்லப் போன இடத்தில் இன்னொரு பொய்.

அன்றைக்கு மத்தியானம் பேச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. ஒன்பது மாசமாக அவள் என் அடுப்படியில் புழங்குகிறாள். நான் அவள் வீட்டு நிலையைத் தாண்டியதே இல்லை. இத்தனைக்கும் எழுபது அடி தூரம்.

உள்ளே கூப்பிட்டாள். சேர் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், சம்மதித்துவிட்டார்கள், இனி அந்த ரூமுக்குள் போகாதே என்றேன்.

"போகல சிஸ்டர். செவ்வாக்கெழமையே போர்மேன்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். கை நடுங்குகிறது, மருந்து அடைக்க மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கிறாள். போர்மேன் கத்தியிருக்கிறார். பிறகு, பெட்டி ஒட்டும் இடத்துக்குப் போ, கூலி குறையும் என்று அனுப்பிவிட்டாராம். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாளாம்.

என்னால் அந்தச் சேரில் உட்கார முடியவில்லை. பிழைப்பே போய்விடும் என்ற பயத்தோடு அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நான் ஒரு பார்வைக்குப் பயந்து சொல்லாமல் விட்டேன்.

என்ன செய்தாவது சரிக்கட்ட வேண்டும் என்ற வேகத்தில், என் ஓவனை நீயே எடுத்துக்கொள், உன் வீட்டிலேயே வைத்துச் சுடு, நாளைக்கே ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன். அவள் யோசித்தாள். அவசரப்படாமல் யோசித்தாள்.

"வேணாம் சிஸ்டர். அது உங்க வீட்லயே இருக்கட்டும். நான் அங்கன வந்தே சுடுறேன். வாங்க வர்றவுகளும் அங்கனயே வரட்டும்" என்றாள். பிறகு முதன்முதலாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "வர்றவுகளுக்கு நீங்களே கதவத் தொறந்து, சுட்டவ உள்ள இருக்கா, கூப்புடுறேன்னு சொல்லுங்க. அது போதும்."

சரி என்றேன்.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பெல் அடிக்கிறது. நான்தான் கதவைத் திறக்கிறேன். அவள் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தைச் சொல்கிறேன். உள்ளே பார்த்து, "பேச்சி, உனக்கு ஆள் வந்திருக்காங்க" என்று தெருவுக்குக் கேட்கும்படி கூப்பிடுகிறேன். ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். புது ஆள் யாராவது வாசலில் நின்றால், அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் இன்னும் நான் ஒரு நொடி தயங்குகிறேன். அந்த ஒரு நொடியை அடுப்படியிலிருந்து அவள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.